கதிரொளி பிடிக்கும் மை

நுழையும்முன்

மனித இனம் ஓர் ஆண்டு முழுவதும் செலவிடும் ஆற்றலுக்கு ஏறத்தாழ நிகரான ஆற்றலை, ஞாயிறு ஒரு மணி நேரத்தில் புவிக்கு அனுப்பிவிடுகிறது. வரும் ஒளிக்கு விலையில்லை. அதைப் பிடித்து மின்சாரமாக மாற்றும் கருவிக்குத்தான் விலை. செய்தித்தாளை அச்சிடுவதுபோல அக்கருவியையும் மலிவாக அச்சிட்டுவிட முடியுமா? இவ்வினாவே நெகிழியிலிருந்து சூரிய மின்கலம் செய்யும் முயற்சிக்கு வித்திட்டது. அம்முயற்சி கடந்துவந்த வழியையும் மலிவு என்னும் சொல்லின் முழுப்பொருளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒளியிலிருந்து மின்சாரம்

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்னோட்டம் தோன்றும் என்பதை 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 19. அக்கண்டுபிடிப்பு நடைமுறைப் பயனுக்கு வர நூறாண்டுகளுக்கும் மேலாயிற்று. 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சாபின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சிலிக்கானால் ஆன சூரிய மின்கலத்தை உருவாக்கிக் காட்டினர். தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்னாற்றலாக மாற்றியது. இந்த விழுக்காட்டையே மின்கலத்தின் பயனுறுதிறன் என்கிறோம்.

தொடக்கத்தில் இம்மின்கலங்களின் விலை மிக உயர்ந்திருந்தது. ஆகவே, செலவைப் பொருட்படுத்தாத இடங்களுக்கே அவை சென்றன. 1958இல் விண்ணில் ஏவப்பட்ட வான்கார்டு 1 என்னும் செயற்கைக்கோள் அவற்றைச் சுமந்து சென்றது. விண்வெளிக்குச் சென்ற கருவி வீட்டுக்கூரைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

சிலிக்கான் ஏன் விலை கூடியது?

சிலிக்கான் அரிய தனிமமன்று. மணலிலும் பாறையிலும் அது நிறைந்து கிடக்கிறது. ஆயினும் மணல் மின்கலமாவதற்குப் பல நெருப்புகளைக் கடக்க வேண்டும். குவார்ட்சுக் கல்லைக் கரியுடன் சேர்த்து ஏறத்தாழ 2000 செல்சியசு வெப்பநிலையுள்ள உலையிலிட்டுச் சிலிக்கானைப் பிரிக்கின்றனர். பின்னர் அதனை வேதிமுறையில் மிகத் தூயதாக்குகின்றனர். 1414 செல்சியசில் உருகும் அத்தூய சிலிக்கானை மீண்டும் உருக்கிப் படிகமாக வளர்க்கின்றனர். அதன்பின் படிகத்தை மெல்லிய வில்லைகளாக அறுக்கின்றனர். ஒவ்வொரு படியிலும் ஆற்றல் செலவாகிறது. அறுக்கும்போது பொருளும் துகளாகி வீணாகிறது.

மேலும், சிலிக்கான் ஒளியை விரைந்து உறிஞ்சும் பொருளன்று. தன்மேல் விழும் ஒளியைப் போதுமான அளவு உட்கொள்ள அதற்கு ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டர் தடிமன் தேவைப்படுகிறது. இக்கணக்கின்படி ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஏறத்தாழ 350 கிராம் தூய சிலிக்கான் வேண்டும்.

உலையும் படிகமும் அறுவையும் இல்லாமல், அறை வெப்பநிலையிலேயே பூசி உலர்த்தக்கூடிய ஒரு பொருள் ஒளியை மின்சாரமாக மாற்றுமாயின் செலவு பெரிதும் குறையும் என அறிவியலாளர் எண்ணினர். அத்தகைய பொருளைத் தேடியபோது யாரும் எதிர்பாராத ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. அதுவே நெகிழி.

மின்கடத்தும் நெகிழி

நெகிழி என்றவுடன் மின்கம்பியின்மேல் இருக்கும் உறையே நம் நினைவுக்கு வரும். மின்சாரத்தைக் கடத்தாது என்பதனாலேயே அதனை உறையாக்குகிறோம். நெகிழிகள் யாவும் பலபடிகள் என்னும் வகையைச் சேர்ந்தவை. சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து உருவாகும் நீண்ட சங்கிலியே பலபடி. அச்சங்கிலி மின்சாரத்தைக் கடத்தும் என்று 1970களுக்குமுன் கருதியவர் மிகச் சிலரே.

1967ஆம் ஆண்டில் டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தில் ஹிடேகி ஷிரகாவா என்னும் வேதியியலாளர் அசிட்டிலீன் வாயுவைப் பலபடியாக மாற்றும் வினையை ஆராய்ந்துவந்தார். அவ்வினையில் கருநிறப் பொடி கிடைப்பதே வழக்கம். ஒருநாள், அவருடன் பணியாற்றிய வருகை ஆய்வாளர் வினையூக்கியைக் குறிப்பிட்ட அளவைப்போல் ஆயிரம் மடங்கு மிகுதியாகச் சேர்த்துவிட்டார். பொடி கிடைக்கவில்லை. பாலின்மேல் ஏடு படிவதுபோலக் கரைசலின்மேல் ஒரு படலம் படிந்திருந்தது. பிழை என்று கருதி அதைக் கொட்டிவிடாமல், ஷிரகாவா அதன் காரணத்தை ஆராய்ந்தார். முறையைச் செம்மைப்படுத்தி, வெள்ளித்தகடுபோல் பளபளக்கும் பாலி அசிட்டிலீன் படலத்தை உருவாக்கினார்.

1975இல் டோக்கியோவுக்கு வந்த ஆலன் மெக்டையார்மிட் அப்படலத்தைக் கண்டு வியந்தார். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திற்கு ஷிரகாவாவை அழைத்தார். அங்கே இயற்பியலாளர் ஆலன் ஹீகரும் அவர்களுடன் இணைந்தார். புரோமின், அயோடின் போன்ற உப்பீனிகளின் ஆவியைப் படலத்தின்மீது செலுத்தியபோது அதன் மின்கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு அளவுக்கு உயர்ந்தது. 1977இல் இம்முடிவு வெளியாயிற்று. மின்காப்புப் பொருளாக மட்டுமே அறியப்பட்ட நெகிழி, கடத்தியாகவும் குறைகடத்தியாகவும் இருக்க வல்லது என்பது உறுதியாயிற்று. இதற்காக 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது.

ஒற்றையும் இரட்டையும்

எல்லா நெகிழிகளும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. பாலித்தீன் பையின் பலபடிச் சங்கிலியில் கார்பன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்பால் மட்டுமே இணைந்துள்ளன. அங்குள்ள எலக்ட்ரான்கள் தத்தம் பிணைப்புக்குள் இறுகக் கட்டுண்டிருப்பதால் நகர்வதற்கு வழியில்லை.

பாலி அசிட்டிலீனின் அமைப்பு வேறு. அதில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. இரட்டைப் பிணைப்பின் இரண்டாம் இணையிலுள்ள எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் சங்கிலி நெடுகப் பரவி நிற்கின்றன. இதனால், சிலிக்கானைப்போலவே இங்கும் எலக்ட்ரான்கள் நிறைந்த ஆற்றல் நிலைகளும் அவற்றுக்கு மேலே எலக்ட்ரான்கள் இல்லாத வெற்று நிலைகளும் அமைகின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ளதே ஆற்றல் இடைவெளி. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் ஒரு துகள், அதாவது ஒரு ஃபோட்டான், ஓர் எலக்ட்ரானை அவ்விடைவெளியைத் தாண்டச் செய்யப் போதுமானது.

பாலி அசிட்டிலீனால் நேரடியாக மின்கலம் செய்ய இயலவில்லை. காற்றுப்பட்டால் அது கெடும், கரைப்பான்களில் கரையாது. ஆகவே, வேதியியலாளர் முதுகெலும்பாகிய சங்கிலியை ஒற்றையும் இரட்டையுமாக வைத்துக்கொண்டு, அதன் பக்கவாட்டில் கரையும் தன்மையுள்ள கிளைச் சங்கிலிகளை இணைத்தனர். இவ்வாறு பிறந்த புதிய பலபடிகள் கரைப்பானில் கரைந்து வண்ண மையாயின. 1990இல் கேம்பிரிட்சு பல்கலைக்கழகத்தில் பரோஸ், பிராட்லி, ஃபிரெண்டு முதலானோர் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் பலபடி ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்தி அதனை ஒளிரச் செய்தனர். மின்சாரத்தை ஒளியாக்கும் பொருள் ஒளியையும் மின்சாரமாக்கக்கூடும் என்னும் நம்பிக்கை இதனால் வலுப்பெற்றது.

பிரிய மறுக்கும் இணை

நம்பிக்கை செயலானபோது பெரிய தடை ஒன்று குறுக்கிட்டது. சிலிக்கானில் ஒளி படும்போது எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற வெற்றிடமாகிய துளையும் உடனே விடுதலை பெறுகின்றன. எலக்ட்ரான் எதிர்மின்சுமை உடையது. துளை நேர்மின்சுமை உடையதுபோல் இயங்குவது. இரண்டும் எதிரெதிர் முனைகளை நோக்கிச் செல்லும்போது மின்னோட்டம் தோன்றுகிறது.

பலபடியில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஒளியால் தோன்றிய எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு பிரியாமல் நிற்கின்றன. இவ்விணைக்கு எக்ஸிட்டான் என்று பெயர். அறை வெப்பநிலையில் கிடைக்கும் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 0.025 எலக்ட்ரான் வோல்ட்டு மட்டுமே. இவ்விணையைப் பிரிக்கவோ அதனைப்போல் பத்து மடங்குக்கும் மேலான ஆற்றல் வேண்டும். எக்ஸிட்டானின் வாழ்நாளும் மிகக் குறுகியது. அது ஏறத்தாழ 10 நானோமீட்டர் தொலைவு மட்டுமே அலைந்து, பின்னர் எலக்ட்ரானும் துளையும் மீண்டும் ஒன்றாக மறைந்துவிடும். பெற்ற ஒளியாற்றல் மின்சாரமாகாமல் வீணாகும்.

இணையைப் பிரிக்கும் வழியை 1986இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் ஆய்வாளர் சிங் டாங் காட்டினார். எலக்ட்ரானை எளிதில் கொடுக்கும் பொருளால் ஓர் அடுக்கும், எலக்ட்ரானை ஆவலுடன் ஏற்கும் பொருளால் மற்றோர் அடுக்குமாக அவர் மின்கலம் செய்தார். இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் எல்லையில் ஏற்பி எலக்ட்ரானை இழுத்துக்கொள்ள, துளை வழங்கியிலேயே தங்கிவிடுகிறது. பலபடியன்றிச் சிறு மூலக்கூறுகளால் ஆகிய அம்மின்கலத்தின் பயனுறுதிறன் ஏறத்தாழ 1 விழுக்காடு. அளவில் சிறிதாயினும் பின்வந்தோர் அனைவருக்கும் அதுவே வழிகாட்டியாயிற்று.

தெரிந்து தெளிவோம்

60 கார்பன் அணுக்கள் கால்பந்தின் தையல் வடிவில் கூடி அமைந்த மூலக்கூறு ஃபுல்லரீன் எனப்படும். 1985இல் குரோட்டோ, கர்ல், சுமாலி ஆகியோர் இதனைக் கண்டறிந்தனர். இதற்காக 1996இல் அவர்கள் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். எலக்ட்ரான்களை விரும்பி ஏற்கும் இம்மூலக்கூறே நெகிழி மின்கலங்களின் முதல் சிறந்த ஏற்பியாக அமைந்தது.

வயலும் வாய்க்காலும்

1992இல் சாரிசிஃப்ட்சி, ஹீகர், வுடல் முதலானோர் அடங்கிய குழு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் பலபடியையும் ஃபுல்லரீனையும் ஒன்றாகச் சேர்த்து ஒளியூட்டியது. பலபடியிலிருந்து ஃபுல்லரீனுக்கு எலக்ட்ரான் தாவும் வேகம் வியப்பளித்தது. ஒரு நொடியை ஒரு இலட்சம் கோடிப் பகுதிகளாகப் பிரித்தால் அவற்றுள் ஒரு பகுதிக்கும் குறைந்த நேரத்தில் அத்தாவல் முடிந்துவிட்டது. ஒளியாற்றல் வேறு வழியில் வீணாவதற்குமுன் மின்சுமைகள் பிரிந்துவிடுகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. ஒளியைப் போதுமான அளவு உறிஞ்சப் பலபடிக்கு ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமன் வேண்டும். எக்ஸிட்டானோ 10 நானோமீட்டருக்குமேல் செல்லாது. இரண்டு பொருள்களையும் தனித்தனி அடுக்காக வைத்தால், எல்லைக்கு அருகில் பிறந்த எக்ஸிட்டான்கள் மட்டுமே பயன்படும். தொலைவில் பிறந்தவை வழியிலேயே மடியும்.

பெரிய வயலின் ஓரத்தில் மட்டும் வாய்க்கால் ஓடினால் கரையோரப் பயிரே நனையும். வயலுக்குள் கிளை வாய்க்கால்கள் பின்னிச் சென்றால் எந்தப் பயிரும் நீருக்குத் தொலைவில் இராது. 1995இல் யூ, ஹும்மலென், வுடல், ஹீகர் முதலானோர் செய்ததும் இதுவே. அவர்கள் வழங்கியையும் ஏற்பியையும் அடுக்காமல் ஒரே கரைப்பானில் கலந்து பூசினர். கரைப்பான் உலரும்போது இரண்டு பொருள்களும் ஓரளவு பிரிந்து, நானோமீட்டர் அளவில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக்கொண்டன. எக்ஸிட்டான் எங்கே பிறந்தாலும் அருகிலேயே ஓர் எல்லை கிடைத்தது. பிரிந்த எலக்ட்ரான் ஏற்பியின் வழியே ஒரு மின்முனைக்கும், துளை பலபடியின் வழியே மற்றொரு மின்முனைக்கும் சென்றன. அதே ஆண்டில் கேம்பிரிட்சு குழுவினர் இரண்டு பலபடிகளைக் கலந்தும் இவ்வழியின் பயனை மெய்ப்பித்தனர்.

ஃபுல்லரீன் எளிதில் கரைவதில்லை என்பதால், அதனோடு ஒரு கிளையை இணைத்துக் கரையும் வடிவத்தையும் ஆய்வாளர் உருவாக்கினர். இக்கலவை முறை வந்தபின் பயனுறுதிறன் படிப்படியாக உயர்ந்தது. பூசிய படலத்தைச் சற்றே சூடாக்கினால் பலபடிச் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பெற்று மின்சுமைகள் எளிதில் செல்கின்றன என்பதும் தெரியவந்தது. 2001இல் 2.5 விழுக்காடாக இருந்த பயனுறுதிறன் அடுத்த சில ஆண்டுகளிலேயே 4 விழுக்காட்டைக் கடந்தது.

மையும் அச்சும்

நெகிழி மின்கலத்தின் பெரும் சிறப்பு அதனைச் செய்யும் முறையில் உள்ளது. 100 நானோமீட்டர் தடிமனுக்கு ஒரு சதுர மீட்டர் பரப்பைப் பூச ஏறத்தாழ 0.1 கிராம் பொருள் போதும். சிலிக்கானுக்கு வேண்டிய 350 கிராமுடன் இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

பொருளை மையாகக் கரைத்து, நகரும் நெகிழிச் சுருளின்மேல் அடுக்கடுக்காகப் பூசலாம். ஒரு முனையில் வெற்றுச் சுருள் விரியும். மறுமுனையில் மின்கலமாகி மீண்டும் சுருளும். டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தில் ஃபிரெடரிக் கிரப்சு தலைமையிலான குழு இம்முறையில் முன்னோடியாக விளங்கியது. மின்வசதி இல்லாத ஆப்பிரிக்க ஊர்களை மனத்திற்கொண்டு அக்குழு ஒரு விளக்கை 2010ஆம் ஆண்டளவில் உருவாக்கியது. அதன் எடை ஏறத்தாழ 50 கிராம். புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே வைக்குமளவு தட்டையானது. பகலில் விரித்து வெயிலில் வைத்தால் மெல்லிய மின்கலனில் ஆற்றல் சேரும். இரவில் இரண்டு முனைகளைச் சேர்த்துக் கூம்புபோல் வளைத்துப் பொத்தானிட்டால் விளக்கு எரியும். மண்ணெண்ணெய்ப் புகையில் படிக்கும் மாணவர்க்குக் கண்ணாடியோ இரும்புச் சட்டமோ இல்லாத ஒரு விளக்கைத் தரமுடியும் என்பதை அது காட்டியது.

மலிவின் கணக்கு

செய்வதற்கு எளியது என்பதாலேயே ஒரு பொருள் மலிவானதாகிவிடாது. சூரிய மின்கலத்தின் மலிவைக் கணக்கிட மூன்று அளவுகள் வேண்டும். எவ்வளவு செலவில் செய்யப்படுகிறது என்பது முதலாவது. விழும் ஒளியில் எவ்வளவு பங்கை மின்சாரமாக்குகிறது என்பது இரண்டாவது. எத்தனை ஆண்டுகள் உழைக்கிறது என்பது மூன்றாவது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட்டு ஒளியாற்றல் விழுகிறது. 20 விழுக்காடு பயனுறுதிறனுள்ள சிலிக்கான் தகடு அதிலிருந்து 200 வாட்டு தரும். அது 25 ஆண்டுகள் உழைப்பதாகக் கொண்டால், 200ஐ 25ஆல் பெருக்க வரும் 5000 என்னும் எண் அதன் வாழ்நாள் விளைச்சலைக் குறிக்கும். 5 விழுக்காடு பயனுறுதிறனுள்ள நெகிழித் தகடு 50 வாட்டு தரும். அது 2 ஆண்டுகளில் கெடுவதாயின் அதன் விளைச்சல் 100 மட்டுமே. எனவே, சிலிக்கானுக்கு ஈடாக நிற்பதற்கே நெகிழித் தகட்டின் விலை சிலிக்கான் தகட்டின் விலையில் ஐம்பதில் ஒரு பங்காக இருக்க வேண்டும். தகட்டைப் பொருத்தும் சட்டம், கம்பி, கூலி ஆகியவையோ பரப்பு கூடக் கூடத் தாமும் கூடும். தகட்டையே இலவசமாகக் கொடுத்தாலும் அச்செலவுகள் குறையமாட்டா.

நெகிழி மின்கலம் விரைவில் கெடுவதற்குக் காரணங்கள் உள. பலபடிச் சங்கிலியில் ஒளியைப் பிடிக்கும் இரட்டைப் பிணைப்புகளே உயிர்வளியின் தாக்குதலுக்கும் எளிதில் இலக்காகின்றன. வெயிலின் புறஊதாக் கதிர்கள் அச்சிதைவை விரைவுபடுத்துகின்றன. ஈரம் மின்முனைகளை அரிக்கிறது. நானோமீட்டர் அளவில் பின்னிக்கிடக்கும் கலவையும் வெப்பத்தால் மெல்ல மெல்லப் பிரிந்து, வாய்க்கால்கள் தூர்ந்துபோவதுபோல் பயனற்றுப்போகிறது. காற்றும் ஈரமும் புகாத உறையிட்டால் வாழ்நாள் நீளும். ஆனால், அவ்வுறைக்கும் விலை உண்டு. ஒளிபுகும் மின்முனைக்குப் பயன்படும் இண்டியம் என்னும் தனிமமும் அரியது, விலை மிக்கது. மையில் மிச்சப்படுத்திய பணம் உறையிலும் மின்முனையிலும் செலவாகும் நிலை இவ்வாறு தோன்றுகிறது.

ஒரு நிறுவனத்தின் பாடம்

இக்கணக்கின் கடுமையைக் கொனார்கா நிறுவனத்தின் வரலாறு உணர்த்துகிறது. 2001இல் அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தின் நிறுவனர்களுள் நோபல் பரிசு பெற்ற ஆலன் ஹீகரும் ஒருவர். ஒடிசாவில் கடற்கரையோரம் நிற்கும் கொனாரக் சூரியன் கோவிலின் பெயரையே அந்நிறுவனம் ஏற்றது. நெகிழிச் சுருளில் மின்கலம் அச்சிட்டு, கைப்பேசிக்கு மின்னேற்றும் பைகள் முதலியவற்றுக்கு வழங்கியது. பலரும் பெருமுதலீடு செய்தனர்.

ஆனால் 2012இல் அந்நிறுவனம் நொடித்துப்போனதாக அறிவித்தது. நெகிழி மின்கலம் முன்னேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் சிலிக்கானும் ஓய்ந்திருக்கவில்லை. உற்பத்தி பன்மடங்கு பெருகியது, வில்லைகள் மெலிந்தன, வீணாகும் பொருள் குறைந்தது. 1970களில் ஒரு வாட்டுக்குப் பல பத்து டாலராக இருந்த சிலிக்கான் தகட்டின் விலை, இன்று ஒரு டாலரின் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. விலை கூடிய சிலிக்கானுக்கு மாற்றாகப் பிறந்த பொருள், மலிவாகிவிட்ட சிலிக்கானோடு போட்டியிட வேண்டியதாயிற்று. தான் வெல்ல வேண்டிய இலக்கு தன் கண்முன்னே நகர்ந்துகொண்டிருப்பதைக் காணாத எந்தத் தொழில்நுட்பமும் நிலைபெறுவதில்லை.

மீண்டும் எழுந்த முயற்சி

நிறுவனம் வீழ்ந்தாலும் ஆய்வு நிற்கவில்லை. குறை எங்கே உள்ளது என ஆராய்ந்தவர்களின் பார்வை ஃபுல்லரீன்மீது விழுந்தது. எலக்ட்ரானை ஏற்பதில் அது சிறந்தது. ஆயினும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியைக் குறைவாகவே உறிஞ்சும். அதன் வடிவத்தை விருப்பம்போல் மாற்றியமைப்பதும் கடினம். கலவையில் ஏறத்தாழப் பாதியாக இருந்தும் ஒளியைப் பிடிப்பதில் அது பெரும்பங்கு ஆற்றவில்லை.

ஆகவே, ஒளியையும் பிடித்து எலக்ட்ரானையும் ஏற்கும் புதிய மூலக்கூறுகளை வேதியியலாளர் வடிவமைத்தனர். 2015இல் சீனாவின் பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சான் ஷியாவ்வெய் குழுவினர் அத்தகைய ஏற்பி ஒன்றை வெளியிட்டனர். 2019இல் சாங்ஷா நகரிலுள்ள நடுத்தென் பல்கலைக்கழகத்தின் சோ யிங்பிங் குழுவினர் அறிவித்த புதிய ஏற்பி, பயனுறுதிறனை 15.7 விழுக்காட்டிற்கு உயர்த்தியது. பலபடி பிடிக்காமல் விட்ட அகச்சிவப்புப் பகுதியின் ஒளியையும் அது பிடித்தது. அதன்பின் ஆய்வகங்களில் பயனுறுதிறன் 19 விழுக்காட்டைக் கடந்துள்ளது.

இவ்வெண்களை அளந்து நோக்க வேண்டும். பெரும்பாலான உயர்ந்த அளவுகள் விரல்நகத்தினும் சிறிய பரப்புள்ள மின்கலங்களில் பெறப்பட்டவை. பரப்பு பெருகும்போது படலம் எங்கும் ஒரே சீராக அமைவது கடினம், பயனுறுதிறனும் குறைகிறது. ஆய்வகத்தின் சிறு துண்டுக்கும் தொழிற்கூடத்தின் நீண்ட சுருளுக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பதே இன்றைய ஆய்வின் முதன்மைப் பணியாகும்.

பொருந்தும் இடம்

சிலிக்கான் நிற்கும் இடத்தில் நெகிழி மின்கலம் நிற்க வேண்டும் என்னும் தேவையில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குரிய இடம் உண்டு. கனமான கண்ணாடித் தகடுகளைத் தாங்க இயலாத மெல்லிய கூரையில், எடை குறைந்த நெகிழித் தகட்டை ஒட்டலாம். வளைந்த பரப்பிலும் கூடாரத் துணியிலும் அதனைப் பதிக்கலாம். ஒளியின் ஒரு பகுதியை மட்டும் பிடித்து மறுபகுதியை உள்ளே விடுமாறு செய்யமுடியும் என்பதால் சன்னல் கண்ணாடிக்கும் பசுமைக்குடிலுக்கும் அது ஏற்றது. பயிருக்கு வேண்டிய நிறங்களை விட்டுவிட்டு எஞ்சியவற்றைப் பிடிக்கும் வகையிலும் பலபடியைத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டினுள் எரியும் விளக்கின் மங்கிய ஒளியிலும் அது நன்கு இயங்குவதால், சிறு உணர்விகளுக்கு மின்சாரம் வழங்கவும் உதவும்.

கொட்டப்பட வேண்டிய ஒரு படலத்தைக் கொட்டாமல் ஆராய்ந்ததில் தொடங்கிய இப்பயணம், வேதியியலையும் இயற்பியலையும் அச்சுத்தொழிலையும் பொருளியலையும் ஒரே களத்தில் கொண்டுவந்து சேர்த்துள்ளது. ஒரு கண்டுபிடிப்பு அறிவியலால் சரியாக இருப்பது அதன் முதற்படி. அது எளியவர் கைக்கு எட்டும் விலையில், அவர் வாழ்வில் போதுமான காலம் உழைப்பதே அடுத்த படி. நெகிழி மின்கலம் முதற்படியைக் கடந்துவிட்டது. அடுத்த படியில் கால்வைக்கும் பணி, இன்று வகுப்பறையில் பயிலும் தலைமுறைக்காகக் காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. 15 விழுக்காடு பயனுறுதிறனும் 10 ஆண்டு வாழ்நாளும் உள்ள நெகிழித் தகடு ஒன்றின் வாழ்நாள் விளைச்சலைப் பாடத்தில் கண்ட முறையில் கணக்கிட்டு, சிலிக்கான் தகட்டோடு ஒப்பிடுக.

2. எதிர்பாராத பிழையிலிருந்து பிறந்த வேறு கண்டுபிடிப்புகளைத் திரட்டி, அவற்றில் ஆய்வாளரின் கவனத்திற்குரிய பங்கினை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரில் சிலிக்கான் தகட்டைவிட நெகிழி மின்கலம் மிகுதியாகப் பயன்படக்கூடிய ஓர் இடத்தைத் தெரிவுசெய்து, அதற்கான காரணங்களை ஒரு பக்க அளவில் எழுதுக.